இரண்டாவது பேட்டரி: சேர்ப்பதும் பிரிப்பதும்

வண்டியோடு வரும் பேட்டரி ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டது. சாவியைத் திருப்பினால் 2, 3 நொடிக்கு 200 முதல் 300 ஆம்பியர் வரை அள்ளிக் கொடுத்து எஞ்சினைச் சுழற்றிவிட வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஆல்டர்னேட்டர் பொறுப்பேற்கும். கொடுத்ததைப் பேட்டரி சில நிமிடங்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும். இப்படிச் சட்டென்று கொடுப்பதற்காகவே அதன் உள்ளே ஈயத் தகடுகள் மெலிசாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கின்றன. மெல்லிய தகடு ஆழமாக வடிவதைத் தாங்காது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜும் விசிறியும் ஓட்டிப் பாதிக்குக் கீழே இறக்குவது, பகலில் ஏற்றுவது என்று பழக்கினால் சீக்கிரமே தகட்டில் உள்ள பசை உதிரத் தொடங்கும். அதற்கும் முன்பே ஏதாவது ஒரு காலையில், வால்பாறைக்குப் போகும் வழியிலோ தனுஷ்கோடியிலோ, செல்ஃப் எடுக்காமல் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே கூடுதல் சாமான்களுக்கு என்று தனியாக ஒரு பேட்டரி. எஞ்சின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏற வேண்டும். எஞ்சின் நின்றதும் தாமாகவே பிரிந்துவிட வேண்டும். இரவில் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தச் செலவு மெயின் பேட்டரியைத் தொடக்கூடாது. இந்த அத்தியாயத்தின் வேலை முழுவதும் இதுதான். கடையில் பேச்சு பேட்டரியின் பிராண்டிலும் விலையிலுமே நிற்கும். நான் இங்கே ஒயரையும் ஃப்யூஸையும் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அவற்றில் செய்த தவறுக்கு வண்டியே விலையாகப் போகலாம்.

முதலில் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, என்னென்ன ஓடப்போகிறது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். அதை மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர் மணி, கடைப்பேச்சில் ஏ.ஹெச்.

ஒரு பொலேரோவில் 4 பேர் ஓர் இரவும் ஒரு பகலும் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 48 வாட், அதாவது 4 ஆம்பியர் எடுக்கும். அது விட்டுவிட்டு ஓடும். கொடைக்கானல் குளிரில் மணிக்குக் கால் மணி நேரம் ஓடினால் போதும். சித்திரை வெயிலில் மதுரையில் நிறுத்தினால் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் கணக்கையே எழுதுங்கள்: 24 மணி நேரத்துக்கு 48 ஏ.ஹெச். 20 வாட் விசிறி 8 மணி நேரத்துக்கு 13. 10 வாட் எல்.இ.டி. விளக்கு 5 மணி நேரத்துக்கு 4. நான்கு செல்போன்கள் முழுதாக ஏற, இழப்பையும் சேர்த்து, 8. ஆக மொத்தம் 73.

73 வேண்டும் என்றால் 75 வாங்கினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே 73ஐ இரட்டிப்பாக்கி 150 ஏ.ஹெச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். அங்கே 100 ஏ.ஹெச். போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஈய பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏ.ஹெச். பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. 100 என்று எழுதியிருந்தால், 5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் 100 கிடைக்கும். ஒரே மூச்சில் 50 ஆம்பியர் எடுத்தால் 2 மணி நேரம் ஓடாது, ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினாலே அதிகம்.

டிபன் வண்டி வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரில் மிக்சி ஓட்டக் கேட்பார்கள். 750 வாட் மிக்சி, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து 73 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 5 நிமிடம் அரைத்தால் செலவு 6 ஏ.ஹெச்.தான், அது பெரிதில்லை. ஆனால் அந்த 5 நிமிடமும் ஒயர் 73 ஆம்பியரைச் சுமக்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. இன்வெர்ட்டரை இரண்டாவது பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்து, தடித்த ஒயரில், தனி ஃப்யூஸோடு இணைத்தால் இது நடக்கும். இண்டக்ஷன் அடுப்பு வேண்டாம். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 200 ஆம்பியர். அந்த வேலைக்கு கேஸ் அடுப்பே சரி.

எந்தப் பேட்டரி

வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்துவிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஆழமாக வடிவதை அது நன்றாகத் தாங்கும், உண்மைதான். ஆனால் அது ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. 50 கிலோவுக்கு மேல் எடை, உயரமான டப்பா, உள்ளே தளும்பும் ஆசிட். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆட்கள் உட்காரும், தூங்கும் கேபினுக்குள் ஆசிட் ஊற்றும் எந்தப் பேட்டரியையும் வைக்காதீர்கள். வெளியே, அடிச்சட்டத்தில் பெட்டி அடித்து வைப்பது வேறு விஷயம்.

கேபினுக்குள் வைக்க ஏ.ஜி.எம். என்ற சீல் செய்த ஈய பேட்டரி, அல்லது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 100 ஏ.ஹெச். ஏ.ஜி.எம். 30 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். அதே அளவு லித்தியம் 12 கிலோ அளவுதான். லித்தியம் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும், ஏ.ஜி.எம். பாதி வரை இறக்கி ஏற்றினால் சில நூறு முறை. விலை லித்தியத்துக்கு அதிகம். எப்போதாவது விடுமுறைக்கு மட்டும் வெளியே போகும் குடும்பத்துக்கு ஏ.ஜி.எம். போதும் என்பது என் கருத்து. தினமும் பிழைப்புக்காக ஓட்டுபவர் கஷ்டப்பட்டாவது லித்தியம் வாங்கட்டும். இரண்டாம் வருஷம் ஈய பேட்டரி மாற்றும் செலவில் அந்த வித்தியாசம் கழிந்துவிடும்.

எதுவானாலும் பானட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். ஈய பேட்டரி 25 டிகிரியில் எவ்வளவு நாள் உழைக்குமோ, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். மே மாதம் வேலூரில் எஞ்சின் பக்கத்து வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்க அனுமதிப்பதில்லை. உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட், பி.எம்.எஸ்., சார்ஜை நிறுத்திவிடும். பின் சீட்டுக்கு அடியில் அல்லது டிக்கியில், வெயில் நேரே படாத இடமே நல்லது.

நடுவில் எதை வைப்பது

இரண்டு பேட்டரியின் பிளஸையும் ஒரு ஒயரால் நேரே சேர்த்துவிடுவது பழைய வழக்கம். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை அடியில் குழாய் போட்டு இணைத்தால் எதில் மொண்டாலும் இரண்டிலும் மட்டம் ஒன்றாக இறங்கும் அல்லவா, அதேதான் இங்கும். காலையில் இரண்டுமே காலி. நடுவில் ஒரு கதவு வேண்டும்.

மிக எளிய கதவு ரிலே. 85, 86 இரண்டும் காயில்; 30, 87 இரண்டும் பெரிய கரண்ட் போகும் வழி. ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடும் சிறிய சதுர ரிலே இதற்குப் போதாது. வடிந்துபோன பேட்டரி முதல் சில நிமிடங்களில் இழுக்கும் கரண்ட்டில் அதன் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் கதவு திறந்தே கிடக்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. செல்ஃப் மோட்டாருக்கான சோலினாய்டும் வேண்டாம். அது சில நொடி வேலைக்காகச் செய்தது, மணிக்கணக்கில் பிடித்துவைத்தால் காயில் கருகும். தொடர்ந்து ஓடக்கூடியது என்று குறிப்பிட்ட, 100 ஆம்பியருக்குக் குறையாத சோலினாய்டு கேட்டு வாங்குங்கள்.

காயிலுக்கு எங்கிருந்து கரண்ட் எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இக்னிஷனிலிருந்து எடுத்தால், சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதுமே இரண்டு பேட்டரியும் சேர்ந்துவிடும். அடுத்த நொடி செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் கேட்கும் முந்நூறு ஆம்பியரில் ஒரு பங்கு பின்னாலிருந்து, நீங்கள் இழுத்த ஒயர் வழியாக ஓடிவரும். ஃப்யூஸ் போகும். அதனால் சிலர் ஃப்யூஸின் அளவைக் கூட்டுவார்கள், அது இன்னும் பெரிய ஆபத்து. ஆல்டர்னேட்டரில் சார்ஜ் விளக்குக்குப் போகும் சிறிய டெர்மினலில், அதாவது எஞ்சின் ஓடி சார்ஜ் வந்தபின் மட்டும் 12 வோல்ட் தரும் இடத்தில், ஒரு சின்ன ரிலே வைத்து அதன் மூலம் சோலினாய்டை இயக்க வேண்டும்.

இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு வோல்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து தானே பிரியும் ரிலே கிடைக்கிறது. மெயின் பேட்டரியில் சுமார் 13.3 வோல்ட் வந்தால், ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். 4 போல்ட்டில் வேலை முடியும். 2010 வாக்கில் வந்த பொலேரோ, சுமோ போன்ற, ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட் அருகே கொடுக்கும் வண்டிக்கு, ஈய பேட்டரியோடு சேர்த்து, இதைவிட எளிய நல்ல வழி இல்லை. இரண்டாவது பேட்டரி மிகவும் வடிந்திருந்தால் இந்த ரிலே சேர்ந்ததும் வோல்டேஜ் விழும், உடனே பிரியும், மறுபடி சேரும். டக் டக் என்று சத்தம் கேட்கும். சற்று நேரம் எஞ்சினை வேகமாக ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒயர் மெலிசு என்று பொருள்.

டயோடு ஐசோலேட்டர் என்று ஒன்றும் விற்கிறார்கள். சாதாரண டயோடு 0.7 வோல்ட்டைத் தானே தின்றுவிடும். 14.2 வருமிடத்தில் 13.5 மட்டும் போய்ச் சேர்ந்தால் ஈய பேட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது.

பி.எஸ்.6 வண்டி என்றால்

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகள் பி.எஸ்.6. இவற்றில் பலவற்றில், அதற்குச் சற்று முன் வந்த சிலவற்றிலும், ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. மெயின் பேட்டரி நிறைந்துவிட்டால் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை 12.5 வரைகூட இறக்கும். பிரேக் பிடித்து வேகம் குறையும்போது இலவசமாகக் கிடைக்கும் சக்தியைப் பிடிக்க 15 வரை ஏற்றும். வோல்டேஜ் பார்க்கும் ரிலே இந்த ஏற்ற இறக்கத்தில் குழம்பிப்போகும். நாள் முழுக்க ஓட்டியும் இரண்டாவது பேட்டரி பாதியிலேயே நிற்கும். உரிமையாளர் பேட்டரிக் கடைக்காரரைக் குறை சொல்வார்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள மல்டிமீட்டர் போதும். மெயின் பேட்டரியில் மீட்டரை மாட்டி, வேறொருவரை ஓட்டச் சொல்லி, அரை மணி நேரம் அளவைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நிலையாக இருந்தால் பழைய வகை. ஏறி இறங்கினால் புதிய வகை. புதிய வகைக்கும், எந்த வண்டியானாலும் லித்தியம் பேட்டரிக்கும், டிசி-டிசி சார்ஜர்தான் வழி. உள்ளே வரும் வோல்டேஜ் எதுவானாலும் பேட்டரிக்கு வேண்டிய 14.4ஐச் சரியாகத் தயாரித்துக் கொடுக்கும். கரண்ட்டையும் எல்லைக்குள் வைக்கும். லித்தியத்துக்கு இந்த எல்லை மிக அவசியம். அதன் உள் தடை மிகக் குறைவு. ரிலே வழியாக நேரே மாட்டினால் ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவையும் உறிஞ்சும். சிக்னலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், காற்று போதாது, ஆனால் சுமை முழுதாக இருக்கும். சுருள் கருகிவிடும்.

சார்ஜரின் அளவை ஆல்டர்னேட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன் மேல் 14 வோல்ட் 90 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. விசிறிகள் எல்லாம் ஓடினால் வண்டிக்கே 40, 50 ஆம்பியர் போய்விடும். சூடானால் ஆல்டர்னேட்டர் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே கொடுக்கும். 90 ஆம்பியருக்கு 20 அல்லது 30 ஆம்பியர் சார்ஜர் சரி, 50 பேராசை. சார்ஜரில் இக்னிஷன் என்று ஒரு மெல்லிய ஒயர் இருக்கும். புதிய வகை வண்டியில் அதை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் கட்டாயம் இணைக்க வேண்டும். எஞ்சின் ஓடுகிறது என்பதை அதை வைத்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. செல்ஃப் அடிக்கும் நொடியைப் பற்றிக் கவலை வேண்டாம், சார்ஜர் வழியாகக் கரண்ட் பின்னோக்கி வராது.

ஒயர்

12 வோல்ட்டில் ஒவ்வொரு கால் வோல்ட்டும் பெரிது. பானட்டிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து 5 மீட்டர் ஆகும். எர்த்துக்கும் ஒயர் இழுத்தால் போய்வர 10 மீட்டர். 30 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மி.மீ. செம்பு ஒயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 10இல் அரை வோல்ட். 16இல் 0.33. 25இல் 0.2. ரிலே வைத்து நேரே ஏற்றுபவர்கள் 25க்குக் குறையாமல் போடுங்கள். டிசி-டிசி சார்ஜர், பேட்டரிக்கு அருகிலேயே இருந்தால், வழியில் விழுவதைச் சரிக்கட்டிக்கொள்ளும்; 16 போதும். சார்ஜரை எஞ்சின் பக்கம் வைத்துவிட்டுப் பேட்டரியைப் பின்னால் வைத்தால் அந்தச் சரிக்கட்டல் வீண்.

கணக்குப் போட விரும்புபவர்களுக்கு: 0.0175ஐ மொத்த மீட்டரால் பெருக்கி, சதுர மி.மீட்டரால் வகுத்தால் ஒயரின் தடை ஓம் கணக்கில் வரும். அதை ஆம்பியரால் பெருக்கினால் இழக்கும் வோல்ட்.

ஒயர் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கார் ஆம்ப்ளிஃபயருக்கு விற்கும் மலிவான ஒயர் செட்டுகளில் இது சகஜம். அதே தடிமனுக்குத் தடை ஒன்றரை மடங்கு, அதிர்வில் முறியவும் செய்யும். வீட்டு ஒயரிங்குக்கான ஒயரும் சுவருக்குள் அசையாமல் கிடக்கத்தான். நுண்ணிய பல இழை கொண்ட, வண்டிக்கென்று செய்த அல்லது வெல்டிங் மெஷினுக்கான செம்பு கேபிள் கேளுங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

முனையில் செம்பு லக் போட்டு ஹைட்ராலிக் கிரிம்பரால் நசுக்க வேண்டும். சுத்தியால் தட்டுவது கிரிம்பிங் ஆகாது. ஈயம் வைத்தால் பலம் என்று நம்புகிறார்கள். ஈயம் ஊறிய இடத்தில் இழைகள் விறைத்துப்போய், அந்த விளிம்பில் அதிர்வுக்கு ஒவ்வொன்றாக முறியும். நல்ல கிரிம்புக்கு மேல் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், அவ்வளவே. தகட்டில் துளை வழியாகப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் கிராமெட். சைலன்சர் பக்கமும் பிரேக் குழாய், டீசல் குழாய் ஓரமும் கட்டாதீர்கள். ஒரு சாணுக்கு ஒரு கிளிப், முழு நீளமும் நெளிவு ஸ்லீவுக்குள்.

ஃப்யூஸ்: இரண்டு முனையிலும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பக்கத்தை நீங்கள் படிப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

ஹாரனுக்கோ விளக்குக்கோ போகும் ஒயரில் கரண்ட் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. தொடக்கத்தில் ஒரு ஃப்யூஸ் வைத்தால் போதும். இரண்டு பேட்டரிகளுக்கு இடையே ஓடும் ஒயருக்குத் தொடக்கம் என்று தனியாக எதுவும் கிடையாது. இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. முன்னால் மட்டும் ஃப்யூஸ் வைத்திருக்கிறீர்கள், நடுவில் சீட் தண்டவாளம் ஒயரைக் கடித்து உறை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஃப்யூஸ் தன் கடமையைச் செய்து போய்விடும். பின் பேட்டரி அந்தக் கிழிசல் வழியாகப் பாடிக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். முழு பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியரையும் தாண்டும். ஒயர் சில நொடியில் சிவந்து, தரை விரிப்பு பற்றிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றக்கூட யாராலும் கை வைக்க முடியாது.

எனவே இரண்டு பிளஸ் டெர்மினலுக்கும் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், ஒவ்வொரு ஃப்யூஸ். டெர்மினலுக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்கு யாரும் காவல் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது ஒயரை; அளவு, ஓடும் கரண்ட்டைவிடக் கால் பங்காவது அதிகமாகவும் ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 30 ஆம்பியர் சார்ஜர் உள்ளே 38 வரை இழுக்கும். அதற்கு 16 சதுர மி.மீ. ஒயரில் 50 ஆம்பியர் போல்ட் ஃப்யூஸ் சரி. மிடி, மெகா, ஏ.என்.எல். என்று சொல்லும் வகைகள் இந்த வேலைக்கானவை. வீட்டு எம்.சி.பி.யை எடுத்து மாட்டாதீர்கள், அது மாறுமின்னோட்டத்துக்கும் அசையாத சுவருக்கும் ஆனது. ஃப்யூஸ் போனால் செம்பு இழையைச் சுற்றி வேலையை ஓட்டும் பழக்கம் வீட்டிலேயே ஆபத்து. ஓடும் வண்டியில், குழந்தைகள் தூங்கும் சீட்டுக்கு அடியில், அதை நினைத்தும் பார்க்காதீர்கள். டேஷ்போர்டில் இரண்டு உபரி ஃப்யூஸ் போட்டு வையுங்கள்.

இரண்டாவது பேட்டரியிலிருந்து சாமான்களுக்குப் போகும் வழியில் ஒரு மெயின் சுவிட்ச், பிறகு 6 அல்லது 8 வழி ஃப்யூஸ் பெட்டி. ஃப்ரிட்ஜுக்குத் தனி வழி: 4 சதுர மி.மீ. ஒயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஃப்ரிட்ஜைச் செருகினால் குலுக்கலில் பிடிப்பு தளரும், பின் சூடாகும். ஆண்டர்சன் பிளக் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்வெர்ட்டரை வேலை இல்லாத நேரம் முழுதாக அணையுங்கள். சும்மா இருக்கும்போதே அரை முதல் ஒரு ஆம்பியர் தின்னும், ஒரு நாளில் 12 முதல் 24 ஏ.ஹெச். அதில் போய்விடும்.

எர்த்

எதிர்முனையையும் பிளஸுக்குக் கொடுத்த அதே தடிமனில் கொண்டுபோங்கள். பாடியில் எர்த் எடுப்பதானால் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில், பல் வாஷரோடு போல்ட் முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். புதிய வண்டிகளில் மெயின் பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் ஒரு சிறிய சென்சார் உட்கார்ந்திருக்கும். போகும் வரும் கரண்ட்டை அது எண்ணுகிறது. உங்கள் எர்த் ஒயரை நேரே அந்த டெர்மினலில் மாட்டினால் அதன் கண்ணில் படாமல் கரண்ட் போகும், கணக்கு பிசகும், ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் தவறாக இயக்கும். பாடியில்தான் மாட்ட வேண்டும்.

மாட்டும் நாள்

மோதிரம், வாட்ச், கைச்செயினைக் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் பிளஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிய மோதிரம் விரலோடு சேர்ந்து பழுக்கும். மெயின் பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் கழன்றிருந்தால் பிளஸை அவிழ்க்கும் ஸ்பானர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

பேட்டரிக்கு இரும்புத் தட்டு செய்து, தரைத் தகட்டின் கீழே பட்டையான தாங்கு தகடு கொடுத்து, போல்ட்டால் இறுக்கிக் கிளாம்ப் போடுங்கள். பெல்ட்டால் கட்டிய 30 கிலோ, மோதும்போது தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். டெர்மினல்களுக்கு ரப்பர் மூடி கட்டாயம். பின்னால் ஏற்றும் ஸ்டெப்னி ஜாக்கி அதன்மேல் விழலாம். ஃப்யூஸ்களைக் கடைசியாகச் செருகுங்கள்.

சோதனை இப்படி: வண்டி ஓர் இரவு நின்றபின் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். ஈய பேட்டரி 12.6க்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் காலி. எஞ்சினைப் போட்டு இரண்டாவதில் 14 வோல்ட் வருகிறதா பாருங்கள். பிறகு முழுச் சுமையில் ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கமும் மீட்டர் முனையை வையுங்கள். லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை. 20 நிமிடம் கழித்துக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சூடாக இருக்கும் இடத்தைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

ஃப்ரிட்ஜில் பேட்டரி காவல் என்று 3 நிலை இருக்கும். மெயின் பேட்டரியில் ஓட்டுபவர்களுக்காக வைத்த உயர்ந்த நிலை இனித் தேவையில்லை. ஈய பேட்டரிக்கு நடு நிலை; கடைசி நிலையில் 10 வோல்ட் வரை உறிஞ்சிவிடும்.

24 வோல்ட் லாரியும் பஸ்ஸும்

இவற்றில் ஏற்கெனவே இரண்டு பேட்டரி இருக்கிறது, ஆனால் தொடராக. பாட்டு செட்டும் செல்போன் சார்ஜரும் 12 வோல்ட் கேட்பதால், பாடியோடு மைனஸ் இணைந்த கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு ஒயர் எடுத்து ஓட்டுவது ரோடெங்கும் நடக்கிறது. கீழ் பேட்டரி வடிகிறது, மேல் பேட்டரி நிறைந்தே இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்று மட்டும் பார்க்கும். அந்த 28இல் கீழே 13தான் விழும், மேலே 15 ஏறும். கீழே இருப்பது பட்டினியால் சாகிறது, மேலே இருப்பது கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகிறது. சில மாதத்தில் ஜோடியாக மாற்ற வேண்டியதுதான். 24ஐ 12 ஆக்கும் ரெட்யூசர் ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் குறுக்கே மாட்டினால் பிரச்சினை முடிந்தது. கேபினில் ஃப்ரிட்ஜ், விசிறி என்று சுமை அதிகமானால் 24 உள்வாங்கி 12 வெளிவிடும் டிசி-டிசி சார்ஜரோடு தனி 12 வோல்ட் பேட்டரி வையுங்கள்.

மின்சார வண்டிகளில் இந்த அத்தியாயத்தின் எதையும் செய்யாதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அவற்றின் சிறிய 12 வோல்ட் பேட்டரியும் அதன் சார்ஜும் வேறு கணக்கு.

பிறகு

பகல் முழுக்க ஓட்டினாலும் ஈய பேட்டரியின் கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், பல மணி நேரம் கேட்கும். அரைகுறையாகவே விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். வாரம் ஒருமுறை வீட்டு சார்ஜரில் இரவு முழுக்கப் போடுங்கள், அல்லது கூரையில் 100 வாட் சோலார் பேனல் வையுங்கள். தமிழ்நாட்டு வெயிலில் நல்ல நாளில் 30 ஏ.ஹெச். அளவுக்குக் கிடைக்கும், மேலே சொன்ன ஃப்ரிட்ஜின் பாதிச் செலவுக்கும் மேல் அதிலேயே வரும்.

வாரண்டி இருக்கும் வண்டியானால் கம்பெனி ஒயரிங்கில் எதையும் வெட்டாதீர்கள். பேட்டரி டெர்மினலிலிருந்து தனியாக இழுத்த ஒயரைக் கழற்றிவிட முடியும், வெட்டியதை மறைக்க முடியாது. கம்பெனி விலையில் சேராத மின் சாமான்களை இன்ஷூரன்ஸ் பாலிசியில் தனியாகச் சேர்க்க வழி இருக்கிறது. பில்களைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்று ஒரு வரைபடம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் பானட்டுக்கு உள்ளே ஒட்டுங்கள். நடுவழியில் வேறொரு எலக்ட்ரீஷியன் பார்க்க நேர்ந்தால் இரண்டாவது பேட்டரி இருப்பதே அவருக்கு அதிலிருந்துதான் தெரியும். வண்டி 15 நாளுக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈய பேட்டரியை நிறைத்து வையுங்கள், லித்தியத்தைப் பாதி அளவில் வையுங்கள்.